கோட்டைக்குப் பதில் சொல்லும் கிடார்

லிஃப்ட் பழுது பார்க்க ஒரு பெண் வருவது இன்னும் பலருக்கு ஜீரணமாவதில்லை. கதவைத் திறந்து, அவளைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, உங்க கண்ணுக்குத்தான் இன்னும் தெரியல" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். கம்பெனியில் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அது வேலையின் வேகத்துக்கா வாய்க்கா என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

அந்த மின்னல் ஒரு நாள் குழிக்குள் விழுந்தாள். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டின் அடியில், தரைக்கும் கீழே ஒரு குழி இருக்கும். சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும். எத்தனையோ தடவை இறங்கிய ஏணியில் ஒரே ஒரு தடவை கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள்.

மேலாளர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவர் சொன்னால் எதிர்த்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம், நல்லவரை என்ன செய்வது?

"இனிமே நீங்க ஷாஃப்ட் பக்கமே போக வேணாம்மா. ஆபீஸ்ல உக்காந்து புகார் போன் எடுங்க. ஏசி ரூம். சம்பளத்துல ஒரு பைசா குறையாது."

அவள் வாயே திறக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயடைத்துப் போய் அவள் கணவன் பார்த்தது அன்றைக்குத்தான். கால் உடைந்ததைவிட அதற்குத்தான் அவன் அதிகம் பயந்தான்.

அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், பள்ளி விடும்வரை அவனுக்கு வீடுதான். அந்த நேரத்தைத் தள்ள ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கி வைத்திருந்தான். அதில் அவன் ஆடுவது ஒரே ஒரு விளையாட்டு. பாழடைந்த கோட்டை, தேயாத நிலா, வௌவால்கள், ரத்தம் குடிக்கும் சீமாட்டிகள். உச்சியில் மணிக்கூண்டுக்குள் ஒரு ராணி காத்திருப்பாள். அவளை வெல்ல வேண்டும். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, வாசலிலேயே செத்துவிடுவான்.

அவளுடைய கட்டிலை ஹாலில் போட்ட பிறகு, நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடினான். ஒரு மத்தியானம் கை தவறி சத்தம் திறந்துகொண்டது. முதலில் ஆர்கன். அடிவயிற்றில் போய் உட்கார்கிற மாதிரி ஒரு நீளமான சுரம். அதன்மேல் வயலின்கள் கூட்டம் கூட்டமாக ஏறின. பின்னால் எங்கோ பல குரல்கள், அர்த்தம் புரியாத பாஷையில். பதறிப்போய் ரிமோட்டைத் தேடினான்.

"நிறுத்தாதீங்க."

"தூங்கலையா நீ? தலைவலிக்கப் போகுது..."

"நிறுத்தாதீங்கன்னு சொல்றேன்ல."

அப்போதுதான் டிரம்ஸ் விழுந்தது. அதைப் பிளந்துகொண்டு எலெக்ட்ரிக் கிடார் வந்தது. அவள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவளாகத் தலையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

அவளுக்குச் சங்கீதமெல்லாம் தெரியாது. ஆனால் மெஷின் சத்தம் கேட்டே எது எங்கே உரசுகிறது என்று பிரித்துப் பழகிய காது. படுத்தபடி கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்து, கணவனிடமும் சொன்னாள். ஆர்கனும் வயலினும் பாட்டுக் கூட்டமும் கோட்டையின் பக்கம். நான் பழசு, நான் பெரிசு, உன்னை மாதிரி எத்தனை பேரை விழுங்கியிருக்கிறேன் தெரியுமா என்று கோட்டை பாடுகிறது. கிடார் அதற்குள் தனியாக நுழைந்தவளின் பக்கம். தெரியும், அதனால் என்ன என்று பதிலுக்குப் பதில் பேசுகிறது.

"நுழைஞ்சவளா? நான் ஆம்பளை ஹீரோவையில்ல வச்சிருக்கேன்" என்றான் கணவன்.

"அதான் வாசல்லயே சாகுறீங்க. இப்படிக் குடுங்க அதை."

அன்றிலிருந்து மத்தியானங்களில் அவள் ஆடினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

இந்தச் சமயத்தில் அவளுடைய அக்கா போனில் ஆறுதல் பாட்டுகளாக அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்ல பாட்டுகள்தான். ஆனால் எல்லாமே, விடு, போகட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று தலையைத் தடவின. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாகாது என்பது அவளுக்குத் தெரியும். காலுக்குள் கம்பி இருக்கிறது, கண்ணை மூடினால் குழி இருக்கிறது. கோட்டைப் பாட்டு எதையும் சின்னதாக்கிக் காட்டவில்லை. இருட்டை இருட்டென்றே சொன்னது. அந்த இருட்டும் அழகுதான், போய் மோது என்றது. விளையாட்டில் செத்தாலும் பாட்டு முதலிலிருந்து கம்பீரமாகத் தொடங்கியது. பழக்கூடையோடு யாரும் வரவில்லை. அதுவே பெரிய மரியாதையாகப் பட்டது அவளுக்கு.

நடக்கப் பழக்கும் பிசியோதெரபி கூடத்தில் நாளெல்லாம் அருவிச் சத்தமும் புல்லாங்குழலும் ஓடும். பிசியோதெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண், அதிர்ந்து பேசாதவள்.

"இதைக் கேட்டா எனக்குத் தூக்கம் வருதும்மா. என் பாட்டைப் போடலாமா?"

போட்டார்கள். மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு ரிட்டயர்ட் நீதிபதி, இது என்ன பேய் ஓட்டுற பாட்டா என்று முகம் சுளித்தார். அடுத்த வாரமே, அவள் கொஞ்சம் தாமதமாக வந்தபோது, "எங்கேம்மா போனீங்க? அந்தப் பேயைப் போட்டாத்தான் எனக்குக் கால் நகருது" என்று கோபித்துக்கொண்டார்.

அவள் தப்பு செய்ததும் அங்கேதான். ராணியோடு சண்டை நடக்கும்போது வரும் பாட்டுக்கு முடிவு கிடையாது. யாராவது ஒருவர் விழும்வரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். போனிலும் அதே மாதிரிதான் ஏற்றி வைத்திருந்தாள். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவள், பாட்டு நிற்கட்டும் இறங்கலாம் என்று மிதித்துக்கொண்டே இருந்தாள். பாட்டு நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. இறக்கியபோது முழங்கால் பலாக்காய்போல வீங்கியிருந்தது. ஒரு வாரம் மறுபடி படுக்கை.

அதிர்ந்து பேசாத பெண் அன்றைக்கு அதிர்ந்தாள். "அந்தப் பாட்டுக்கு முடிவு இல்லக்கா, உங்க காலுக்கு இருக்கு! எங்க நிறுத்தணும்னு பாட்டா சொல்லும்? நீங்கதான் சொல்லணும்."

திட்டு உறைத்தது. அதற்கப்புறம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப் பழகினாள். பாட்டை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவதற்கு ஒரு தெம்பு வேண்டியிருந்தது. தோற்று நிறுத்துவது வேறு, தானாக நிறுத்துவது வேறு என்று கால் மெல்லக் கற்றுக்கொண்டது.

ஊன்றுகோலை வைத்துவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனாள். தன் வேலை தனக்கு வேண்டும் என்றாள். மேலாளர் கன்னத்தைத் தடவி யோசித்தார். ஒரு உயரமான கட்டடத்தில் படியேறி மாடி மெஷின் ரூம்வரை போக வேண்டும், அப்புறம் கீழே வந்து குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும், இரண்டையும் தன் கண் முன்னால் செய்தால் யோசிக்கலாம் என்றார். "முடியலைன்னா போன் வேலை. மறுபேச்சு இல்ல. சரியாம்மா?"

"லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்துல படியேறித்தானே சார் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கேன். சரி."

பாட்டு கேட்கிற கருவி எதையும் அவள் எடுத்துப் போகவில்லை. ஷாஃப்டில் வேலை செய்கிறவர்களுக்குக் காது திறந்திருக்க வேண்டும், அது உயிர் விஷயம். பாதிப் படியில் கம்பி வலிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்து வாயாலேயே ஆர்கனை இழுத்தாள், அடுத்த மாடியில் வயலின். மேலாளருக்கு அவளைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. "கொஞ்சம்... உக்காரலாமாம்மா?" என்றார். "நீங்க உக்காருங்க சார், நான் பிரேக்கைப் பாத்துட்டு வரேன்" என்று ஏறிப் போனாள்.

ஏறியது பெரிசில்லை. கீழே வந்து, கதவை நெம்பித் திறந்து, குழியின் ஏணியைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டாள். அவள் விழுந்த குழி இது இல்லை, வேறு கட்டடம். ஆனால் குழி குழிதான். அதே இருட்டு, அதே மக்கிய எண்ணெய் வாடை. வாயில் பாட்டு வரவில்லை.

மேலாளர் டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வேணாம்மா. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சுருக்கென்றது. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் அவளால் தாங்க முடியாத வார்த்தை. அப்படியே ஏசி ரூமில் உட்கார்ந்து, யாரும் தப்பாக நினைக்காமல் கிழவியாகிவிடலாம். மேலே உச்சியிலிருந்து ஷாஃப்ட் வழியாகக் காற்று ஓவென்று இறங்கியது. இரும்புக் கயிறுகள் அதற்கு மெல்ல அதிர்ந்தன. நான் பழசு, நான் பெரிசு, உன்னை ஒரு தடவை விழுங்கியவன் நான்.

"தெரியும். அதனால என்ன?" என்றாள் சத்தமாக.

"என்னம்மா?"

"உங்ககிட்ட இல்ல சார். லைட்டைப் போடுங்க."

லிஃப்ட் நகராமலிருக்கக் கையை நீட்டி நிறுத்து சுவிட்சை அழுத்தினாள். திரும்பி, நல்ல காலை ஏணியின் முதல் படியில் வைத்தாள், அப்புறம் கம்பி போட்ட காலை. ஜங், ஜஜங், ஜங் என்று கிடார் அவள் வாயிலிருந்தே வந்தது, சுருதியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. பயம் போகவில்லை, கூடவே இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டாள். கால் தரையைத் தொட்டபோது கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை எடுக்காமல் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

"ஆச்சாம்மா? போதும், மேல வந்துடுங்க" என்றது மேலிருந்து குரல்.

"ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கு சார். நாளைக்கு வந்து மாத்திடுறேன்."

"நாளைக்கா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"நான் சொல்லிட்டேனே சார். லைட்டை இப்படி இடது பக்கமாப் பிடிங்க."

டார்ச் வெளிச்சம் சுவரில் சற்றுத் தடுமாறியது. பிறகு அவள் காட்டிய இடத்தில் வந்து நின்றது.