பழுப்பேறிய புதுநன்மைக் கவுன்

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைப் போலப் பசப்புகிற பொருளை நான் பார்த்ததில்லை. வரும்போது பளிங்காக வரும். வாளியில் ஒரு மணி நேரம் நின்றால் டீத்தண்ணி. போர்த் தண்ணீரில் இரும்பு என்றார்கள். எங்கள் சோறு பழுப்பு, அப்பாவின் வேட்டி பழுப்பு. பக்கத்து வாய்க்காலில் காவிரி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நெல்லுக்கு இருந்த யோகம் எங்களுக்கு இல்லை.

ஒன்பது வயதில் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தஞ்சாவூர்ப் பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. அவள் மகள்கள் இருவரும் போட்டது. அடுத்த வருடம் சித்தி மகளுக்குப் போகவேண்டும். "பத்திரம்" என்று மூன்று தடவை சொல்லித்தான் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை, பாச்சை உருண்டை வாடை போக அதை அலச அம்மா உட்கார்ந்தாள்.

"கொழா தண்ணி படவே கூடாதுடி. மாதா கோயில் கெணத்துல ஒரு கொடம் எடுத்துட்டு வா."

கிணறு ஊர்க்கோடியில். நான் வழியில் பாண்டி ஆடிவிட்டு, தெருக்குழாயில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பளிங்காகத்தானே இருந்தது!

அம்மா ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைத்தாள். எடுத்தபோது கவுன் மாட்டு மூத்திரத்தில் முக்கியெடுத்த நிறத்தில் இருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள், வெயிலில் போட்டாள், போகவில்லை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை எட்டிப் பார்த்தாள். அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் முதல் பாவசங்கீர்த்தனம். தம்பியைக் கிள்ளியதையும் சர்க்கரை திருடியதையும் சாமியாரிடம் சொன்னேன். தண்ணீரைச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளைக் கவுன்களின் வரிசையில் நான் ஒருத்தி பழுப்பாக நின்றேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில், ஊரே பார்க்க, பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு துணி அலசத் தெரியாதா ஒனக்கு? இனிமே இத யாரு போடுவா?"

"அசதியில கொழா தண்ணியில போட்டுட்டேங்க்கா. தப்பு எம்மேலதான்."

பெரியம்மா அதன்பிறகு எங்களுக்கு ஒரு கைக்குட்டைகூடத் தந்ததில்லை. அம்மாவும் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கூடப் பிறந்த இருவரை ஒரு குடம் தண்ணீர் பிரித்தது. நானோ அடி வாங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்புறம் அம்மா என்னைக் கிணற்றுக்கு அனுப்பவே இல்லை. இடுப்பு வலியோடு அவளே குடம் சுமப்பாள். முடியாத நாளில் என்னைவிடச் சின்னவனான தம்பியை அனுப்புவாள். எனக்குக் கல்யாணமாகும்வரை அப்படித்தான்.

அம்மா எனக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.