அமெரிக்கப் பெண்களும் சாட்டிக் கிணறும்

சைக்கிள் சில்லுக்குக் காற்றடிக்கிற பம்பை மெல்ல இழுத்து மெல்ல அமத்தினால் ஒரு சத்தம் வருமே, என் அக்கா மூச்சு வாங்குகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். காலையில் அது வீட்டுச் சந்தடிக்குள் அமுங்கிப்போகும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில் காற்றும் ஓய்ந்து கிடக்கிற நேரத்தில், குசினியில் நின்றாலும் முற்றத்தில் நின்றாலும் காதில் விழும். வீட்டில் நாங்கள் அதை “இளைப்பு” என்போம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டது, அறுத்து மாற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, காத்திருப்பவர்களின் வரிசையில் அவளுடைய பெயரையும் போட்டிருந்தார்கள். அது லேசில் நகர்கிற வரிசை இல்லை. கொழும்பில் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் உடனே செய்யலாம் என்று ஒரு டொக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் என்னைப் பேச்சுப்போட்டிக்குப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சுப்போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பேசுகிற பிள்ளை எதையும் யோசிக்கத் தேவையில்லை. ரீச்சர் எழுதித் தருவார், பிள்ளை பாடமாக்கும், எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் முதலே தீர்மானமாகிவிடும். எனக்கு வாய்த்த தலைப்பு அமெரிக்கப் பெண்கள் உரிமை பெற்ற வரலாறு. வீட்டுக்கு ஒருவர் கனடாவில் இருக்கிற ஊரில் பிறந்தவள் நான். கனடாவுக்குப் பக்கத்து நாடு என்பதற்கு மேல் அமெரிக்காவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பாடமாக்குவித்தது அக்காதான். கட்டிலில் தலையணை இரண்டை முதுகுக்கு வைத்துக்கொண்டு, ரீச்சர் எழுதியதைக் கையில் பிடித்து உரக்க வாசிப்பாள், நான் திருப்பிச் சொல்லவேண்டும். அவளால் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. “அந்த நாட்டில்... திருமணமான பெண்ணுக்கு... சொத்து என்று... ஒன்று இருக்கவில்லை” என்று இடையில் நின்று நின்று வருவாள். அவள் நின்ற இடங்களில் நானும் நின்று பழகிக்கொண்டேன். வீட்டில் என் பெயரே மறைந்துபோய் நான் “அமெரிக்கா” ஆகிவிட்டேன். “எடி அமெரிக்கா, தண்ணி கொண்டுவா”, “அமெரிக்கா, இண்டைக்கும் தலை இழுக்கேல்லையோ, உன்னை ஆர் மேடையில ஏத்துவினம்?” என்று அக்கா படுத்தபடியே நாட்டாமை செய்வாள். ஒத்திகையில் அமெரிக்க ஜனாதிபதியும் அவள்தான். நான் கட்டிலுக்கு முன்னால் போய் நிற்பேன். அவள் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு, “நீர் ஆர்? உமக்கு என்ன வேணும்?” என்று கேட்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் முதலில் இருந்து தொடங்கவேண்டும்.

அந்தப் பேச்சில் இருந்தவை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அங்கே ஒரு காலத்தில் தகப்பன் கொடுத்த நிலமும், தன் கையால் உழைத்த கூலியும், கலியாணம் முடித்த அன்றே புருஷனுடையதாகிவிடுமாம். அதை மாற்றக் கேட்டுத் தாய்மார் தொடங்கிய போராட்டத்தைப் பிள்ளைகள் தொடர்ந்து, பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வாக்குரிமை வந்ததாம். ஜனாதிபதியின் வீட்டு வாசலில் பதாகை பிடித்து நின்றவர்களைச் சிறையில் போட்டார்களாம். அங்கே சாப்பிட மறுத்தவர்களுக்குக் குழாய் விட்டு உணவை ஊற்றினார்களாம். அந்த இடத்தில் நான் கையைத் தொண்டைக்குக் கொண்டுபோகவேண்டும். பிறகு, பேச்சின் உச்சம்: “அவர்கள் பிச்சை கேட்கவில்லை. தங்களுடையதைத் தங்களிடம் தரும்படி கேட்டார்கள்.”

முதல்முறை இதைக் கேட்டபோது அம்மா குசினிக்குள்ளிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தார்.

“வெள்ளைக்காரப் பெண்டுகளுக்குமோ?”

“ஓம் அம்மா.”

“பிறகு என்ன நடந்தது?”

“போராடி எடுத்திட்டினமாம்.”

அம்மா திரும்பி உள்ளே போனார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதற்கு முந்தின கிழமைதான் அவர் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய்விட்டு வந்திருந்தார்.

எங்கள் தீவிலேயே, சாட்டி என்ற இடத்தில் அம்மாவுக்கு ஒரு காணி இருந்தது. அம்மாவின் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்தது. நடுவில் ஒரு கிணறு, நல்ல தண்ணீர்க் கிணறு. தீவுக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உவர்தான் வரும், குடிக்கிற தண்ணீர் ஊறுகிற நிலம் உள்ளவளைப் பார்த்து ஊரே பெருமூச்சு விடும். கனடாவில் இருக்கிற குடும்பம் ஒன்று அதை வாங்க ஆசையாய்க் கேட்டது. அக்காவின் இதயத்துக்காக அம்மா அதை விற்கத் துணிந்தார். காணி உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போன அம்மாவிடம் நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி, அவர் எங்கை?”

“அவர் கடையில. காணி என்ர பேரில தானே ஐயா?”

“உம்மட பேரிலதான். ஆனால் அவற்ர சம்மதக் கையெழுத்து இல்லாமல் நான் எழுத ஏலாது. தேசவழமை அப்பிடி.”

தேசவழமை என்பது எங்கள் யாழ்ப்பாணத்துக்கென்று உள்ள பழைய சட்டம். அதன்படி சீதனக் காணி பெண்ணுடையதுதான், ஒருவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் புருஷன் எழுத்தில் சம்மதிக்காமல் அதை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவர் தன் காணியை விற்க அவளைக் கேட்கத் தேவையில்லை. அம்மாவுக்கு வாக்கு இருந்தது, ஒவ்வொரு தேர்தலுக்கும் விரலில் மை பூசிக்கொண்டு வருவார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். “அமெரிக்கா, உன்ர பேச்சில ஒரு பிழை கிடக்கு. அந்தப் பெண்டுகள் வாக்குக் கிடைச்சால் எல்லாம் சரி எண்டு நினைச்சிட்டினம். இஞ்சை பார், அம்மா ஜனாதிபதியையே தெரிவு செய்வா, கிணத்தை விக்க ஏலாது” என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இளைப்பாகி, நான் ஓடிப்போய் முதுகைத் தடவிவிடவேண்டி வந்தது.

அப்பாவுக்குத் தெற்கில் ஒரு பட்டணத்தில் கடை. எங்கள் ஊர் ஆண்கள் பலர் அப்படிப் போனவர்கள்தான். முன்பெல்லாம் கோயில் திருவிழாவுக்கு வந்து போனவர், பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது. ஊருக்கே தெரியும், எங்கள் வீட்டில் மட்டும் அதைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அம்மா ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்குது. ஒருக்கா வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போங்கோ” என்று கேட்பார். அப்பாவின் குரல் எனக்கும் கேட்கும். “நான் என்ன மாட்டன் எண்டு சொன்னனானோ? கடையை விட்டிட்டு வர ஏலுமோ? வந்தாப்போல வைக்கிறன்.” அங்கேயே ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் வைத்து அனுப்பலாம் என்று அம்மா சொன்னால், “எல்லாத்தையும் நீயே முடிவெடுத்துப்போட்டு, நான் காகிதத்தில குத்திற முத்திரையோ?” என்பார். அவருக்கு அந்தக் காணி வேண்டியிருக்கவில்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அம்மா தன்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவரை நான் மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

புருஷன் சம்மதம் தராமல் இழுத்தடித்தால், அவருக்குப் பதிலாக நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். அம்மா வழக்கு வைத்தார். அம்மாவின் தமையன், எங்கள் மாமா, அன்றோடு எங்கள் படலைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். “புருஷனைக் கோட்டுக்கு இழுக்கிறவள் எனக்குச் சகோதரமில்லை. நாளைக்கு மற்றப் பிள்ளைக்கு ஆர் சம்பந்தம் பேசி வருவினம்?” என்று வீதியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கோட்டில் தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அப்பாவின் சட்டத்தரணி எழும்பி, தன் கட்சிக்காரருக்கு ஆட்சேபனை இல்லை, அடுத்த தவணைக்கு நேரில் வந்து சம்மதம் தருவார் என்பார். ஆட்சேபனை இல்லாத மனிதனுக்கு எதிராக எதைத் தீர்ப்பது? பஸ் ஏறி வீட்டுக்கு வருவோம். வாசலுக்கு வந்ததும் அக்கா கட்டிலில் இருந்தே கேட்பாள், “என்ன அமெரிக்கா, ஜனாதிபதி என்ன சொன்னவர்?”

இதற்கிடையில் வலயப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். நடுவர் ஒருவர் மேடையிலேயே என்னைப் பாராட்டினார்: இந்தப் பிள்ளை எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்துகிறது, அந்த இடைவெளிகளில் எங்களுக்கு நெஞ்சு அடைக்கிறது என்றார். வெற்றிக்கிண்ணத்தை அக்காவின் மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ர இளைப்புக்குப் பரிசு” என்றாள்.

அடுத்த தவணைக்கும் அம்மாவோடு போயிருந்தேன். என்னைப் பின்வரிசை வாங்கில் இருத்தினார்கள். அப்பாவின் சட்டத்தரணி எழும்பினார், வழமையானதைச் சொன்னார், நீதிபதி அடுத்த திகதியைப் பார்க்கச் சொன்னார். அம்மா எழும்பினார். கேட்காமல் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும். எங்கள் சட்டத்தரணி சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் அவர் திரும்ப வாங்கில் இருக்கவில்லை.

“ஐயா, அந்தக் கிணத்தை வெட்டினது என்ர அப்பு. தண்ணி அள்ளினது நான். அவர் அதில ஒரு வாளி அள்ளினதில்லை. பிள்ளைக்கு மூச்சு விட ஏலாது ஐயா.” பிறகு அம்மா மேடைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். “பிச்சை... கேட்கவில்லை. என்னுடையதை... என்னிடம் தரும்படி... கேட்கிறேன்.” அக்கா நிறுத்துகிற அதே இடங்களில் நிறுத்தினார். அடுப்படியில் நின்றபடியே முழுப் பேச்சையும் அவர் பாடமாக்கியிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாங்குகளில் சிரித்தார்கள். “அம்மா, இது பேச்சுப்போட்டி இல்லை, இருங்கோ” என்று யாரோ ஒரு உத்தியோகத்தர் சொன்னார், அதற்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. அவர் தவணையைக் கிட்டவாகப் போட்டார், எதிராளி வராவிட்டால் அன்றே கட்டளை தருவதாகவும் சொன்னார். அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் கண்டேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியாச் சொன்னனானோ, பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தத் தவணைக்கு அக்கா இருக்கவில்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஒரு குழாயும் கையில் ஒரு குழாயுமாக, பேசமுடியாமல் கிடந்து போனாள். நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது தன் தொண்டைக்கு நேரே கையைக் கொண்டுபோய்க் காட்டினாள். பேச்சில் குழாய் விடுகிற அந்த இடம். சிரிக்கச் சொல்கிறாள் என்று விளங்கியது. நான் சிரிக்கவில்லை. மாகாணப் போட்டிக்கு நான் போகவில்லை, அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

செத்தவீட்டுக்கு அப்பா வந்தார். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸுக்கே வந்தார். எல்லாக் காரியத்துக்கும் முன்னுக்கு நின்றார், மாமாவும் பக்கத்தில் நின்றார். இவ்வளவு நாளும் வர ஏலாதவர் எப்படி வந்தார் என்று ஒரு குஞ்சும் கேட்கவில்லை. மரணத்தைப் பதிகிறபோது தகப்பன் என்று அவர்தான் கையெழுத்து வைத்தார். அம்மா மூலையில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “இதுக்கு மட்டும் கை வந்துது.”

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த கிழமை கோட்டுக் கட்டளை வந்தது. கணவனின் சம்மதமின்றி மனுதாரர் தன் காணியை விற்கலாம். அம்மா விற்கவில்லை. யாருக்காக விற்பது?

இப்போது அந்தக் கிணறும் உவராகிவிட்டது. சுற்றிலும் குழாய்க்கிணறுகள் அடித்து இறைத்ததில் உப்பு ஏறி, கைகால் கழுவத்தான் உதவுகிறது. கேட்ட கனடாக் குடும்பம் திரும்பி வரவில்லை, அப்பாவும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால் ஊரில் எத்தனையோ பேரின் அலுவல் நடக்கும். சாட்டிக் காணி அம்மா எழுதித் தந்து இப்போது என் பெயரில் இருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர் வாகனம் போக ஒழுங்கைக்கு ஒரு கீற்று நிலம் கேட்டார். கொடுக்கலாம் என்று போன மாதம் நொத்தாரிசிடம் போனோம். எல்லை காட்டவென்று அம்மாவும் வந்து கதிரையில் இருந்தார். இவர் வேறு நொத்தாரிசு, இளம் ஆள், கணினியில் தட்டச்சு செய்கிறவர். தலையை நிமிர்த்தாமலே என்னிடம் கேட்டார், “அக்கா, அண்ணை வந்திருக்கிறாரோ?”

என் கணவர் வந்திருந்தார். நல்ல மனிதர், எதற்கும் மறுத்துப் பேசாதவர். “நீர் சொல்லும், எங்கை வைக்கவேணும்?” என்று என்னிடம் கேட்டு, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனையை மூடிச் சட்டைப் பையில் கொழுவிக்கொண்டார். நாங்கள் எழும்பினோம். அம்மா எழும்பவில்லை. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதோ, பிள்ளை?”

“ஓம் அம்மா, முடிஞ்சுது. வாங்கோ போவம்.”

“இவ்வளவுதானோ?” என்று கேட்டார் அம்மா.