என் கால் சொன்னதை நம்பியவர்

எண்பத்திரண்டு, எண்பத்து மூன்றாம் ஆண்டுவாக்கில் நடந்தது இது. நாங்கள் அப்போது ஈப்போவில் குனோங் ராபாட்டில் குடியிருந்தோம். கோப்பெங்கைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பேருந்தை நம்பினால் முதல் பாடமே போய்விடும். அதனால் பழைய ஜப்பான் கார் (எங்கள் பேச்சில் 'காடி') ஒன்றை வாங்கி நானே ஓட்டிப் போய்வந்தேன்.

அந்தக் காரின் பிரேக் எனக்கு நிம்மதி தந்ததே இல்லை. மிதித்தால் பஞ்சு மெத்தையில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கார் நிற்காமல் இல்லை. நிற்குமா என்று என்னை ஒரு கணம் தவிக்க வைத்துவிட்டுத்தான் நிற்கும்.

கணவரிடம் சொன்னேன். ஓட்டிப் பார்த்தார். "பழைய காடின்னா அப்படித்தான்லா. ரெண்டு தடவ மிதி, புடிச்சுக்கும்" என்றார். ஈப்போவில் ஒரு பட்டறைக்கும் போனோம். அங்கிருந்தவர் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, பிரேக் நன்றாக இருப்பதாக என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் சொன்னார். பெண்களுக்குக் காலில் பலம் குறைவு என்று சிரிக்கவும் செய்தார். அதோடு நான் பேச்சை விட்டுவிட்டேன். கோளாறு என் பயத்தில்தான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது கோப்பெங் அருகே டயரில் காற்று போய்விட்டது. நல்லவேளையாகச் சாலையோரத்தில் ஒரு தகரக் கூரைப் பட்டறை இருந்தது. நடத்தியவர் ஒரு சீனர். என் வயதுதான் இருக்கும், முப்பதை ஒட்டி. தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்தவராம், தமிழ் தடையில்லாமல் வந்தது. பின்சீட்டில் கிடந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்.

டயரை மாற்றி முடித்து, "வேற ஏதாச்சும் பாக்கணுமா டீச்சர்?" என்றார்.

"பிரேக் கொஞ்சம் லேசா இருக்கு. பழைய காடிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று கேள்வியையும் பதிலையும் நானே சொல்லிவிட்டேன்.

அவர் அதை அப்படியே விடவில்லை. "எப்ப லேசா இருக்கு? காலையில எடுக்கும்போதா, ஓடி சூடான பிறகா?"

அதுவரை யாரும் என்னிடம் இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். வெயிலில் திரும்பி வரும்போதுதான் அதிகம், லாரிகளுக்குப் பின்னால் விட்டு விட்டு மிதித்து வந்தால் கால் இன்னும் ஆழமாகப் போகிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, கீழே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இங்க வந்து இந்தக் குழாய்ல கை வைங்க. நான் ஏறி மிதிக்கிறேன்."

பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர்க் குழாய் அது. அவர் மிதித்தபோது அது என் விரலுக்கடியில் தவளையின் தொண்டை போல உப்பியது. விட்டதும் சுருங்கியது. நான் மிதித்த மிதியில் பாதி இந்தக் குழாயை உப்ப வைப்பதிலேயே போயிருக்கிறது. வளைவில் ரப்பர் வெடிப்பு விட்டிருந்ததையும் காட்டினார்.

"இதோட வீட்டுக்குப் போவாதீங்க" என்றார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்திலும், பெண் தனியாக வந்திருக்கிறாள் என்று எதையாவது தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம்தான் எனக்கு வந்தது. முகத்தில் தெரிந்துவிட்டது போலும். அவர் கோபப்படவில்லை. "சாதா ரப்பர்க் குழாய் புதுசா போட்டாலே போதும். ஆனா நீங்க தினமும் லாரிக்கு நடுவுல போறவங்க. கம்பி பின்னுன குழாய் எங்கிட்ட ஒரு செட் இருக்கு, ரேஸ் ஓட்டுற கூட்டாளிக்காக வாங்குனது, அவரோடதும் இதே காடிதான். அது உப்பாது. உங்க இஷ்டம்லா" என்றார்.

பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து கணவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கம்பிக் குழாயையே போடச் சொன்னேன். மாட்டி முடித்ததும் உள்ளே நின்றுவிட்ட காற்றை வெளியேற்ற வேண்டும் என்று என்னையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். "மிதிங்க... புடிச்சுக்குங்க... விடாதீங்க... இப்ப விடுங்க." காருக்கடியிலிருந்து அவர் குரல் மட்டும் வரும். ஒவ்வொரு தடவையும் பிரேக் மிதி முன்னைவிட மேலேயே நிற்பதை என் கால் உணர்ந்தது. கடைசியில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை, கெட்டியாக எதிர்த்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கால் அத்தனை நாளும் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை என் கணவர் காரில் உட்கார்ந்து நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். இறங்கி வந்து, "நான் சரியா பாக்கல" என்றார்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். சுங்காயில் நடந்த கதை சொல்லும் போட்டிக்கு எங்கள் பள்ளி மாணவர்கள் நால்வரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பீடோரைத் தாண்டியதும், இடப்பக்கத் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சாலைக்கு ஏறி, குறுக்கே வந்து அப்படியே நின்றுவிட்டது. எதிரில் பேருந்து. ஒதுங்க இடமில்லை. மிதித்தேன். மிதித்த அந்த இடத்திலேயே பிரேக் பிடித்தது. டயர் கிறீச்சிட்டு, எல்லோரும் முன்னால் சாய்ந்து, கார் நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான்.

லாரிக்காரர் இறங்கி ஓடி வந்தார். "இஞ்சின் நின்னு போச்சும்மா. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? நான் கண்ண மூடிட்டேன்" என்றார். நான் திரும்பித் திரும்பி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக அந்தப் பட்டறைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார். "மறுபடியும் லேசாயிடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். நன்றி சொல்ல எத்தனையோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன், அத்தனையும் மறந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கோளாற நீங்கதானே மொதல்ல கண்டுபுடிச்சீங்க" என்றார் அவர். "உக்காருங்க, தண்ணி குடிங்க."

அதன் பிறகு பல ஆண்டுகள் வகுப்பில் நின்றிருக்கிறேன். படிக்கச் சோம்பல் என்று எல்லோரும் முத்திரை குத்திய ஒரு பெண்பிள்ளை, கரும்பலகை கலங்கித் தெரிகிறது என்று தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னபோது, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த நேரத்தில் என்று அவளிடம் கேட்கத் தோன்றியதே, அந்தப் புத்தி கோப்பெங்கில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு மனிதர் எனக்குக் கொடுத்தது என்று இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.