அட்டைப்பெட்டிக்குள் இருந்த சார்ஜர்

போன வருடம் ஐப்பசி மாதம். மழை வருமா, ஏமாற்றுமா என்று திருச்சுழிப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கட்டட வரைபடம் போடும் சாஃப்ட்வேர் சொல்லித்தருகிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், குரலும் பெரிது. பிள்ளைகள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அது இங்கே வேண்டாம்.

ஒருநாள் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட முஸ்லிம் பெண். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் பஸ் ஏறி வந்து படித்தவள். சவூதியில் வேலை பார்த்த கணவர்தான் பிடிவாதமாக அவளைச் சேர்த்துவிட்டார். அந்த மனிதர் ஆடியில், அங்கே ரூமில் தூங்கியவர் எழுந்திருக்கவே இல்லை. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. பெற்ற தாய் மகனுக்கு மண் போட்டதைப் போனில் பார்த்தார். இவள் கையில் ஒரு பெண் குழந்தை.

"மிஸ், லேப்டாப்பு கிராஃபிக்ஸ் கார்டை எடுக்கவே மாட்டேங்குது. நான் இத்தாவுல இருக்கேன், வெளிய வர முடியாது. ஒரு நடை வந்துட்டுப் போறீகளா?" என்றாள்.

கணவரை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் சற்று அதிகமாக வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதைத்தான் இத்தா என்கிறார்கள். மறுநாளே பஸ் ஏறிவிட்டேன்.

போனால், முன்னறையில் பாய் விரித்து அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நைலான் கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி. மேலே மகன் பேரும் ஊர்ப் பேரும் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. ரூமில் கூட இருந்தவர்கள் அனுப்பிவைத்த சாமான்கள். கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. அந்த அம்மாவின் ஒரு கை அந்தப் பெட்டிமேலேயே இருந்தது.

உள்ளே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள். "பிரிக்க விட மாட்டேங்குறாக மிஸ். பிரிச்சுட்டா அவுக மௌத்தானது நெசம்னு ஆயிருமாம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் என்ன வேலை, என்ன அவசரம் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். டவுனில் ஒரு இன்ஜினியர் இவளுக்கு வேலை தர முன்வந்திருந்தார். வீட்டு முகப்பை நிஜம்போல வரைந்து, வாசலிலிருந்து உள்ளே நடந்துபோவது போல ஒரு வீடியோ செய்து காட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள் கொடுத்தால் மாதா மாதம் வேலை. கொடுக்காவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். பிறந்த வீட்டிலோ அத்தா, அதாவது இவள் அப்பா, இத்தா முடிந்ததும் கூட்டிக்கொண்டு போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போனா அடுத்த கல்யாணப் பேச்சுத்தான் மிஸ். எனக்கு அது வேண்டாம். இங்கேயே மாமியோட இருந்துக்கிருவேன். ஆனா கையில ஒரு வேலை இல்லாம எந்த வாய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

கொழுந்தன் லேப்டாப்பை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கார்டு போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திறந்து பார்த்தேன். சாதனங்களின் பட்டியலில் கார்டின் பெயர் ஜம்மென்று இருந்தது. "உசுரோட இருக்கிற கார்டுக்கு ஊதுபத்தி ஏத்திட்டானுகளா? கொண்டா, அரை மணி நேரத்துல எழுப்பிக் காட்டுறேன்" என்று சொன்னேன். அந்த வீட்டில் போய் அப்படியா பேசுவது? சொன்ன வாயை அப்போதே கடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதிரி லேப்டாப்பில் படம் ஓட்ட இரண்டு கார்டு இருக்கும், சாதாரண வேலைக்குச் சின்னது, கனமான படத்துக்குப் பெரியது. செட்டிங்ஸில் போய் வரைபட சாஃப்ட்வேருக்குப் பெரிய கார்டைத்தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றினேன். கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை நீக்கிவிட்டு, என் போனிலிருந்து நெட் கொடுத்துப் புதிதாகப் போட்டேன். அணைத்துத் திறந்தேன். ஊஹூம். அது மறுபடியும் உள்ளே இருக்கிற சின்ன கார்டையே பிடித்துக்கொண்டு, படத்தை நொண்டி நொண்டி நகர்த்தியது. அரை மணி நேரம் என்றவள் மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தேன். என் வாய்ச்சவடால் எல்லாம் அடங்கிப்போயிற்று.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் சார்ஜர் கண்ணில் பட்டது. போனுக்குப் போடுவது போன்ற சின்ன டைப்-சி சார்ஜர். லேப்டாப்பின் பக்கவாட்டில் இன்னொரு வட்டமான துளை, தூசி அடைந்து கிடந்தது.

"இதுக்கு உள்ள சார்ஜர் எங்கம்மா?"

அவள் முகம் மாறியது. கடைசி லீவில் அவர் கொண்டுவந்த லேப்டாப் அது. கூட வந்த சார்ஜருக்குச் சவூதிப் பின், கட்டை கட்டையாக மூன்று. நம் ஊர் ப்ளக்கில் போகாது. கன்வெர்ட்டர் வைத்துச் சொருகியிருக்கிறார்கள். அது ஆடி, தீப்பொறி பறந்து, சார்ஜர் செத்துவிட்டது. வாரண்டி அங்கேதான் என்று திரும்பிப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். அதுவரைக்கும் ஓட்டிக்கொள் என்று இந்தச் சின்னதை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வெறும் பிளான் மட்டும் போட்டுக்கொண்டிருந்ததால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

சின்ன சார்ஜரில் வருகிற கரண்ட் லேப்டாப் மூச்சுவிடத்தான் போதும். பெரிய கார்டுக்குத் தீனி பத்தாது, அதனால் லேப்டாப்பே அதைத் தூங்க வைத்துவிடுகிறது என்று சொன்னேன். அவள் முன்னறைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மதுரையில் தெரிந்த கடைக்குப் போன் போட்டேன். ஆர்டர் போட்டால் அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். "மாமிட்ட மட்டும் கேட்டுறாதீக மிஸ். இன்ஜினியர் வேலை போனாப் போகுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகத்தான் பேசினேன். ஆனால் என் மெதுவும் வகுப்பறை மெதுதானே!

"என்னத்தக் காணோம்?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அது இருந்தா இவ வேலை நடக்குமா?"

"நடக்கும்மா."

"இங்கன இருந்துக்கிட்டேவா?"

"இங்க இருந்துக்கிட்டேதான்மா."

எழுந்து அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார். நான் வாங்கப் போனேன். "விடுத்தா, எம் மகன் சாமான்" என்றார். பிஸ்மில்லா சொல்லிக் கயிற்றை அறுத்தார்.

சட்டைகள், கைலிகள், தொழுகை விரிப்பு, மகளுக்கு வாங்கிய லைட் எரிகிற செருப்பு. ஒவ்வொரு சட்டையையும் முகத்தில் வைத்து எடுத்து, மடிப்புக் கலையாமல் பாயில் அடுக்கினார். அழவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் அழுதோம். அடியில், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காத புது சார்ஜர் இருந்தது. அதில் மாட்டியிருந்த வயரின் முனையில் சவூதிக் கட்டைப் பின் இல்லை. நம் ஊர் உருண்டைப் பின். தேடிப்பிடித்து வாங்கி, மாட்டித் தயாராக வைத்திருக்கிறார், அடுத்த லீவுக்கு.

"மறக்கல மிஸ், அவுக மறக்கல" என்று அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததை என்னால் எழுத முடியாது.

சொருகினோம். கார்டு விழித்துக்கொண்டது. ஃபேன் சத்தத்தில் அந்த அம்மா திடுக்கிட்டு, "என்னத்தா இது, லோடு லாரி கணக்கா உறுமுது?" என்றார். அந்த வீட்டில் அன்று முதல்முறையாகச் சிரித்தோம். திரையில் அவள் வரைந்த வீடு தடங்கல் இல்லாமல் ஓடியது. கேட், போர்ட்டிகோ, ஹால், மாடிப்படி. அந்த அம்மா கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு மருமகளின் தலையில் கை வைத்து, "ஒங்க அத்தா வந்து கூப்பிட்டா நான் பேசிக்கிருவேன்" என்றார்.

சனிக்கிழமைக்கு முன்பே வீடியோ போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. இப்போது டவுனில் எழும்புகிற சில வீடுகளின் முகப்பு அவள் வரைந்ததுதான். எனக்கும் வீட்டில் துக்கங்கள் உண்டு. ஆனால் மகன் இல்லை என்பதைத் தன் கையாலேயே அறுத்துத் திறந்து, அந்தப் பெட்டியிலிருந்து மருமகளுக்கு ஒரு பிழைப்பை எடுத்துக்கொடுத்த அந்தத் தாயை நினைத்தால், மூலையில் முடங்கிக் கிடக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.