வண்டியில் கட்டிய அம்மன் கயிறு

லோத்குண்டாவிலிருந்து செகந்திராபாத் போகும் வழியில் எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எங்கள் பழைய காரை அத்தனை இடத்திலும் தள்ளியிருக்கிறேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நிற்பேன். கோயிலுக்கென்று கிளம்பி, கறுத்துப்போன கையோடு சாமியைக் கும்பிட்ட நாட்கள் உண்டு.

பையனுக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்த ஆடி மாதம் அவன் புது கார் எடுத்தான். வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

“அப்பா வண்டி ஸ்டார்ட் ஆனா நிக்கட்டும்மா, நான் ரோட்ல விட்டுக்கறேன். ஆகலைன்னா ஞாயித்துக்கிழமை காயலான் கடை ஆள் வந்து இழுத்துட்டுப் போவான். ஃபைனல்” என்றான்.

அவரும் சரி என்றுவிட்டார். அப்போதுதான் அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தது. இன்னொரு கண்ணில் எல்லாம் புகையாகத்தான் தெரியும். அதையும் செய்துவிட்டால் மறுபடி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியோ மழை ஆரம்பித்ததிலிருந்து கிளம்பவேயில்லை. எனக்கு அசதி. போகட்டும், என் முழங்காலாவது பிழைக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை தூறிக்கொண்டிருந்தது. ஆள் வருவதற்குள் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று தடவித் தடவிப் போய் சீட்டில் உட்கார்ந்தார். நான் பானெட்டைத் தூக்கிவிட்டுக் குடையோடு நின்றேன். சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

“பேட்டரி நல்லாருக்கு. பெட்ரோல் வாசனை வருதா?”

“உங்க சட்டையிலயே வருது.”

“கிண்டல் பண்ணாத. வண்டியில வருதா?”

“ஹவ், ஆமா. வருது.”

“அப்ப நெருப்புதான் வரலை. காயில்னு ஒண்ணு தெரியுதா, சின்ன டப்பா மாதிரி? அதோட தலையிலேர்ந்து தடியா ஒரு ஒயர் போகும். தொடாத. நான் சுத்தறேன், எங்கயாவது நீலமா மின்னுதான்னு பாரு.”

அந்த ஒயரை எனக்குத் தெரியும். ‘இதுதான்டி இந்த வண்டிக்கு உயிர்’ என்று ஒருமுறை காட்டியிருந்தார். மழைக்கு முன்னாலேயே அவர் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு அம்மன் கோயிலிலிருந்து இரண்டு மஞ்சள் கயிறு வாங்கி வந்திருந்தேன். ஒன்றை அவர் கையில் கட்டினேன். அவர் உயிர் பாதி இங்கேதானே கிடக்கிறது என்று மற்றதை இந்த ஒயரில், டப்பாவை ஒட்டிக் கட்டியிருந்தேன்.

மறுபடி சுற்றினார். டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஈரக் கயிற்றின் மேல் மெல்லிய நீலக் கோடு ஓடி, அதன் நுனி தொட்டிருந்த இரும்பில் இறங்கியது.

“என்ன தெரியுது?”

ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி போய்விடும். அவருக்குத் தெரியப்போவதும் இல்லை. பானெட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கட்டுப்போட்ட முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார். தாயே, உன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது?

“நெருப்பு கயித்துல போகுதுங்க. நான் கட்டின கயிறு.”

“கோயில் கயிறா?”

“ஆமா. உங்க கண்ணுக்கு வேண்டிக்கிட்டது.”

அவர் தன் கையிலிருந்த கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“அப்ப அவுக்காத. இருக்கட்டும். வண்டி போனாப் போகுது.”

“சாவியை ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. ஊக்கால் நெம்பி அவிழ்த்தேன். கயிற்றின் நுனி கருகியிருந்தது. ஒயரையும் டப்பாவின் தலையையும் முந்தானையால் ஈரம் போகத் துடைத்தேன்.

“இப்ப சுத்துங்க.”

இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. வாயில் பிரஷ்ஷோடு பையன் வெளியே வந்தான். சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு நுரையைத் துப்பிவிட்டுப் போனை எடுத்தான்.

“நக்கோ பாய். நக்கோ, வர வேணாம்.”

அவர் இன்ஜினை நிறுத்தவேயில்லை.

“போதுங்க.”

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.”

கதவைத் திறந்து, அவர் கையிலிருந்த கயிற்றுக்குப் பக்கத்திலேயே இதையும் கட்டினேன், இரண்டாவது கண்ணுக்கு. அந்தக் கண்ணும் நன்றாகிவிட்டால் மறுபடி நான்தான் தள்ள வேண்டும் என்று கட்டும்போதே தெரியும். முடிச்சை இறுக்கித்தான் போட்டேன்.