உப்பு ஏரிக்காரர்

உறைந்த குளம் விரிசல் விடும்போது இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியதுபோல ஒரு சத்தம் வரும். எழுபதுகளின் ஆரம்பத்தில், டார்ம்ஸ்டாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளம் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தது. அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். கீழ் வீட்டில் மன்சூர் தனியாக இருந்தார்; துனீசியாக்காரர், தொழிற்சாலை வேலை.

பள்ளியில் துனீசியா என்றால் ஒட்டகம், பேரீச்சை, அவ்வளவுதான். வாத்தியாருக்கு அதற்குமேல் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மன்சூர் சொன்ன நாடு வேறு. வடக்கே கோதுமை, கடலோரம் ஆலிவ். அவர் ஊரில் பாஸ்பேட் சுரங்கம். தோண்டியதெல்லாம் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்விடும், தூசி மட்டும் ஊரிலேயே தங்கும், அதை இருமியே அவர் அப்பா செத்தார். அதனால்தான் இவர் கப்பலேறினார். அதற்கும் தெற்கே "ஷொட்" என்ற உப்பு ஏரி. கோடையில் காய்ந்து வெள்ளை ஓடு கட்டிக் கிடக்கும், அடியில் சேறு. தடம் தப்பினால் ஒட்டகத்தோடு ஆள் இறங்கிவிடுவான், ஓடு மறுபடி மூடிக்கொள்ளும். போனவர்கள் பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

"எங்க ஊர்லயும் உண்டு தம்பி," என்றாள் அம்மா, தன் அரைகுறை ஜெர்மனில். "இருட்டுல யார் கூப்பிட்டாலும் மூணாவது தரம் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பேய் ரெண்டு தரம்தான் கூப்பிடும்."

குறுக்கு வழி என்று எல்லோரும் குளத்தின் மேல் நடந்தார்கள், மன்சூரும் நடந்தார். "உங்க ஏரி மாதிரிதானே இதுவும்? சுத்தியே வா," என்று அம்மா திட்டுவாள்.

"இது ஜெர்மன் ஓடு, அக்கா. உடையாது!" என்று சிரிப்பார். 'அக்கா' என்ற அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அம்மாதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

பனிக்காலம் முடியப்போகிற ஒரு சாயங்காலம். மூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. "அக்கா!" என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெல்லிசாக, "அக்கா!" நான் ஜன்னலுக்கு ஓடினேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் கூப்பிடட்டும்."

கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் பனியை உடைத்து மன்சூரைத் தூக்கினார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம்தான். அந்த ஊரில் அம்மாவை அக்கா என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்? ஜெர்மன் பேய்க்குத் தமிழ் தெரியுமா? இதை அவளிடம் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் அதன்பிறகு மூட்டம் இறங்கிய மாலைகளிலெல்லாம் குளிர் உள்ளே அடிக்க அடிக்க ஜன்னலைத் திறந்துவைத்து, சாகும்வரைக்கும், மூன்றாவது தரத்துக்காக அவள் காத்திருந்தாள்.

போன குளிர்காலத்தில் அங்கே போனேன். குளத்தைத் தூர்த்துவிட்டார்கள். அதன்மேல் கார்கள் நிற்கின்றன, கீழே தண்ணீர் இருந்தது என்று சொன்னால் நம்ப ஆளில்லை. நல்ல மூட்டம். தரைக்கு அடியில் எங்கோ கம்பியைச் சுண்டியதுபோல அதே சத்தம்.

யாரும் கூப்பிடவில்லை. "இதோ வந்துட்டோம்!" என்று கத்தினேன்.