வாத்துகளுக்காக நாலு மூச்சு

இல்ஃபோர்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் ஓர் ஏரி. ஜனவரிக் காலை, கரைப்புல்லெல்லாம் உறைபனி. இங்கே ஸ்கூபா முக்குளிப்பு சொல்லித்தரும் யாழ்ப்பாணத்துக்காரி தர்ஷினி, நீர் புகாத உடைக்குள் என்னைத் திணித்து, முதுகு ஜிப்பை இழுத்து மூடுகிறாள்.

"அண்ணை, வெளியில நிண்டு வாய்க்குழாயில மூச்சு எடுக்காதேங்கோ. மூச்சில இருக்கிற ஈரம் வால்வுக்குள்ள உறைஞ்சிடும். தலை தண்ணிக்குள்ள போன பிறகு எடுங்கோ."

"தூத்துக்குடிக் கடல்ல இருபது வருஷமா முங்குறேன்மா," என்கிறேன்.

ஊரில் இறங்குமுன் கரையில் நின்று நாலு மூச்சு இழுத்துக் காட்டுவது என் வழக்கம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்கும். இங்கே இரண்டு வாத்துகள்தான். அவற்றுக்காகவும் இழுக்கிறேன்.

நாலாவது மூச்சில் வால்வு உறைந்து, திறந்தபடியே நின்றுவிடுகிறது. காற்று குக்கர் மாதிரி சீறிக்கொண்டு வெளியேறுகிறது. வாத்துகள் பறந்தே போய்விட்டன. தன் உடையை எடுக்கப் போயிருந்த தர்ஷினி ஓடிவந்து என் சிலிண்டரை மூடுவதற்குள் பாதிக்கு மேல் காலி. இன்றைக்கு இறங்க முடியாது.

முதுகு ஜிப்பைத் திறக்கிறாள். என் உள்சட்டைக் கையைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. உடுப்பு நல்ல உடுப்பு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்க வரேல்லை."